ஜல்லிக்கு அடியில் கறுப்பு வேட்டி

நாகபூஷணத்துக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான் உண்டு. ஒன்று துணி, மற்றது துணி இல்லாதது. முதல் வகையைப் பற்றி அவர் எதிரில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் வகையைப் பற்றி அவர் வாய் திறக்காமல் இருந்தால் போதும் என்று அவர் மனைவி கமலம்மா கல்யாணமான நாளிலிருந்து ஏழுமலையானை வேண்டிக்கொண்டிருக்கிறாள். ஏழுமலையானுக்கும் வேலை அதிகம், என்ன செய்வது.

நகரியில் அவருக்குச் சொந்தமாக ஒரு விசைத்தறிக் கூடம் இருந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தால் உள்ளே கத்தித்தான் பேச வேண்டும். அந்தப் பழக்கத்தில் மனிதர் கோயிலிலும் கத்துவார், ஆஸ்பத்திரியிலும் கத்துவார். போனில் பேசினால் போனே தேவையில்லை. ஒரே மகள் ரேகா தோட்டக்கலை படித்துவிட்டுத் திருப்பதியில் தங்கி, வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் தோட்டம் அமைத்துத் தருகிற தொழிலில் இறங்கியபோதும் அப்படித்தான் கத்தினார்.

“செடி நடறதுக்கு எதுக்குமா காலேஜி? காக்கா நடுது, குருவி நடுது. அதுங்க இன்னா டிகிரி வாங்கிகினா வந்துதுங்க?”

ரேகா அப்பாவிடம் சண்டை போடுகிற பெண் இல்லை. போட்டாலும் தறிச் சத்தத்தில் காதில் விழாது என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவள். தன் பாட்டுக்குப் போய் வேலையைப் பார்த்தாள். மொட்டை மாடியில் தொட்டி, வாசலில் கொடி என்று சில்லறை வேலைகளாகவே வந்துகொண்டிருந்தன. பிறகு மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகிற சாலையில் ஒரு ஹோட்டலில் பெரிய வேலை ஒன்று கிடைத்தது.

ஹோட்டலுக்குப் பின்னால் காலியிடம். அறைகளிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் அந்த இடத்தின் வழியாக ஒரு ஜல்லிப் பாதை போட வேண்டும், இரண்டு பக்கமும் செடி வைக்க வேண்டும். மேனேஜர் பவன்குமாருக்கு ஒரே ஒரு பயம்தான்: புல். முன்பு ஒருத்தர் போட்டுக் கொடுத்த ஜல்லிப் பாதை முதல் மழையிலேயே காடாகிவிட்டது. அதில் பாம்பைப் பார்த்ததாகச் சொல்லி ஒரு குடும்பமே அறையைக் காலி செய்துகொண்டு போனது. அது பாம்பு இல்லை, தண்ணீர்க் குழாய் என்று பவன்குமார் இன்றைக்கும் சொல்கிறார். போனவர்கள் திரும்பி வரவில்லை.

“மேடம், இந்த மழைக்காலம் முடியிறதுக்குள்ள ஒரு புல்லுகூட தலை தூக்கக் கூடாது,” என்றார் அவர். “அப்படி இருந்தா எங்க முதலாளியோட காளஹஸ்தி லாட்ஜ் தோட்டமும் உங்களுக்கே. லேதண்ட்டே, இல்லேன்னா இதோட சரி.”

“வராது சார். என் பொறுப்பு,” என்று ரேகா வாக்குக் கொடுத்துவிட்டாள். காளஹஸ்தி வேலை கிடைத்தால்தான் இது தொழில். கிடைக்காவிட்டால் மறுபடியும் மொட்டை மாடித் தொட்டிதான்.

மகளின் முதல் பெரிய வேலை என்றதும் நாகபூஷணத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கேலி செய்த வாய் வேறு, பெற்ற மனசு வேறு. தறிக்கூடத்தை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு, உதவி செய்கிறேன் பேர்வழி என்று பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்து நின்றார். பாதைக்காக மண்ணைத் தோண்டி, பழைய வேர்களை எல்லாம் பொறுக்கி, தட்டிச் சமன் செய்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் செங்கல் பதித்திருந்தது. பக்கத்தில் கறுப்பாக ஒரு சுருள் கிடந்தது. நாகபூஷணம் நேராகப் போய்க் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதைத் தேய்த்துப் பார்த்தார். அவர் மனிதர்களை எடை போடுவதுகூட அவர்கள் சட்டையை இப்படித் தேய்த்துப் பார்த்துத்தான்.

“இன்னாமா இது, சாக்கு மாதிரி கீது?”

“வீட் மேட் நைனா. ஜல்லிக்கு அடியில விரிக்கிறது. கீழேர்ந்து புல்லு மேல வராது.”

“பிளாஸ்டிக்கா?”

“ஆமா.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. நகரியிலிருந்து துணி போகாத ஊர் உண்டா? நெசவு செய்கிற வீட்டுப் பெண், முதல் வேலைக்கு எவனோ விற்ற பிளாஸ்டிக் சாக்கை விரிப்பதா? ஊரில் கேட்டால் என்ன சொல்வார்கள்? ஊரில் யாரும் கேட்கப் போவதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அவர் கிடங்கில் கறுப்பு வேட்டித் துணி கட்டுக் கட்டாகக் கிடந்தது. போன வருஷம் ஐயப்பன் மலைக்கு மாலை போடுகிறவர்களுக்காக நெய்தது. ஆர்டர் கொடுத்தவர் கடைசி நேரத்தில், இந்த வருஷம் எல்லாரும் காவி கேட்கிறார்கள் என்று கையை விரித்துவிட்டார். அந்தத் துணியை எடுத்து வந்து மகளுக்குக் கொடுத்தால் என்ன? அசல் பருத்தி, நெருக்கமான நெசவு. கிடங்கும் காலியாகும் என்ற எண்ணம் அவர் மனசில் துளிகூட இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்.

மகளிடம் கேட்டால் வேண்டாம் என்பாள். அதனால் கேட்கவில்லை. மறுநாள் காலையில், வந்து இறங்கிய ஜல்லியில் பாதிக்குப் பாதி தூசியாக இருக்கிறது என்று ரேகா கொதித்துப்போய், கல் உடைக்கிற இடத்துக்கே சண்டை போடக் கிளம்பினாள். “நைனா, நான் வர்றதுக்குள்ள மேட்ட விரிச்சி ஆணி அடிக்கச் சொல்லு,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார். நகரியிலிருந்து ஒரு மினி வேன் கறுப்பு வேட்டிக் கட்டுகளோடு வந்து நின்றது. அதே வேனில் வீட் மேட் சுருள் நகரிக்குத் திரும்பிப் போனது.

வேலையாட்களுக்குத் தலைவியான கன்னியம்மாள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“மேடம் சொன்னாங்களா பெரியவரே?”

“மேடமே நான் பெத்ததுதான்!” என்று கத்தினார் நாகபூஷணம்.

அதற்கு மேல் கேட்க கன்னியம்மாளுக்கு என்ன வந்தது? விரித்தார்கள். விரித்த அழகைச் சொல்ல வேண்டும். ஒரு சுருக்கம் கிடையாது. ஓரத்துக்கு ஓரம் ஒரு முழம் ஏற்றி, கல்யாண மேடைக்கு விரிப்பதுபோல் விரித்து, ஆணி அடித்தார்கள். ரேகா நல்ல ஜல்லியோடு திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உடம்பெல்லாம் தூசி, தொண்டை கட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தாள். கறுப்பாக இருந்தது. கறுப்பு கறுப்புதானே.

“ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகீதா நைனா?”

“ஒரு மொழம் ஏத்திகீறேன்.”

“பரவால்லியே, உனக்கு வேலை தெரியுது,” என்று சிரித்தாள். ஜல்லி கொட்டினார்கள். மகள் பாராட்டிய அந்தச் சந்தோஷத்தில் நாகபூஷணம் நகரி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைத் தூங்க விடவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது.

தறிக்கூடத்துக் கூரையில் ஒரு ஓட்டை உண்டு. அதற்குக் கீழேதான் நூல் மூட்டைகளை அடுக்குவது வழக்கம். வீட்டில் எத்தனை இடம் இருந்தாலும் மூட்டை ஓட்டைக்குக் கீழேதான் போய் உட்காரும். பிளாஸ்டிக்தானே, நனையாது என்று நாகபூஷணம் அந்த வீட் மேட்டை எடுத்து மூட்டைகள் மேல் போர்த்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். காலையில் கமலம்மாவின் குரல் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

“ஏங்க! நல்லா போத்தினீங்க போங்க! மூட்டை பூரா தொப்பலா நனைஞ்சி கீது. இன்னா சாமான் இது, தண்ணியப் புடிக்கவே மாட்டேங்குது?”

நாகபூஷணம் ஓடி வந்தார். மேட்டைத் தூக்கி ஒரு செம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். தண்ணீர் நின்று யோசிக்கக்கூட இல்லை, கீழே இறங்கிப் போனது. துணியில் நூல் எண்ணுகிற சின்னக் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். பாவு, ஊடை, எல்லாம் முறைப்படி இருந்தது. தட்டையான பிளாஸ்டிக் இழைகள் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாகப் போயிருந்தன. சாக்கு இல்லை அது, நெசவு. தண்ணீருக்கு வழி விட்டு, புல்லின் மூக்குக்கு வழி விடாத நெசவு. எவனோ தறி தெரிந்தவன்தான் யோசித்திருக்கிறான்.

‘அப்படின்னா நம்ம துணி?’ என்று நினைத்தவுடனே கண்ணாடியைக் கீழே வைத்தார். பருத்தி தண்ணீரை விடாது, குடித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதோடு பாவு அறுபடாமல் இருக்க மாவுக் கஞ்சி போட்டு நெய்த துணி. ஈரம், கஞ்சி, மேலே ஜல்லியின் நிழல். மகள் புல் வரக்கூடாது என்று வாக்குக் கொடுத்த இடத்தில், புல்லுக்குப் பாய் விரித்துச் சோறும் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“எங்க கெளம்பிட்டீங்க? காபியாவது குடிச்சிட்டுப் போங்க,” என்றாள் கமலம்மா.

“திருப்பதிக்கு.”

“எதுக்கு?”

“சாமி கும்பிட.”

கமலம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். யாரும் சொல்லாமல் தானாகச் சாமி கும்பிடப் போகிற ஆள் இல்லை இவர்.

ஹோட்டல் பின்பக்கம் போனபோது அவருடைய பயம் பச்சையாக எழுந்து நின்றது. பாதை முழுக்க இல்லை, இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்து. ஆனால் எல்லாம் அருகம்புல். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி வாழவேண்டும் என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறார்களே, அவர்களில் ஒருவர்கூட ஜல்லிப் பாதை போட்டவர் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். நாகபூஷணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்த வைத்தார். மஞ்சள் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

“ஏமி பெத்தாயனா, ஏம் சேஸ்துன்னாரு? இங்க என்ன பண்றீங்க?” என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. பவன்குமார். பாதை போட்ட அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. நாகபூஷணத்தை அவருக்குத் தெரியாது.

பிடிபட்ட மனிதனுக்கு எப்போதுமே முதலில் சாமிதான் நினைவுக்கு வரும். “வேண்டுதல் சார்,” என்றார் நாகபூஷணம். “அருகம்புல் பறிச்சி புள்ளையாருக்குப் போடறேன்னு வேண்டிக்கினு கீறேன்.”

திருப்பதியில் வேண்டுதல் என்று சொன்னவனை எவனும் கேள்வி கேட்க மாட்டான். மொட்டை அடிக்கிறார்கள், முழங்காலால் படியேறுகிறார்கள். புல் பிடுங்கினால் என்ன? பவன்குமார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “ரிசப்ஷன்ல பிள்ளையார் இருக்காரு, அங்க போடுங்க சுவாமி,” என்று சொல்லிப் போனார்.

அதற்குப் பிறகு நாகபூஷணம் மழை பெய்த மறுநாள் எல்லாம் வந்தார். ரேகா திருச்சானூரில் வேறொரு வீட்டு வேலையில் மாட்டிக்கொண்டிருந்ததால் இந்தப் பக்கம் வரவில்லை. அவர் புல்லைப் பிடுங்குவார், பிள்ளையார் தலையில் வைப்பார், யார் கண்ணிலும் படாமல் பஸ் ஏறிவிடுவார். வீட்டில் கமலம்மா, “உங்க பக்தி தாங்க முடியலியே, மலை மேலேர்ந்து பெருமாளே இறங்கி வந்து போதும்னு சொல்லப் போறாரு,” என்றாள்.

ஒருநாள் குடியாத்தத்திலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கியிருந்த பச்சையம்மாள் என்கிற அம்மாள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவர் எதிரில் வந்து நின்றாள்.

“இன்னா வேண்டுதல் சாமி இது? நான் கேள்விப்பட்டதில்லியே.”

நாகபூஷணத்துக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது. “என் பொண்ணு தொழில்ல நல்லா வரணும்மா,” என்றார்.  அது மட்டும் சத்தியமான வார்த்தை.

“பலிக்குமா?”

“தெரியலியே தாயி.”

பொய் இல்லாத அந்தப் பதிலே பச்சையம்மாளுக்குப் போதுமானதாக இருந்தது. அவளும் குத்த வைத்தாள். மருமகளுக்கு வேலை மாற்றல் வேண்டுமாம். ஒரு பிடி பறித்துப் பிள்ளையாருக்குப் போட்டாள். அடுத்த அறைப் பெண்மணி பார்த்தாள், அவளும் பறித்தாள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, கார்த்திகை பிறப்பதற்குள் அந்த ஹோட்டலில் தங்குகிறவர்கள் எல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்ததும் பின்பக்கம் போய் ஒரு பிடி அருகம்புல் பறிப்பது வழக்கமாகிவிட்டது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆதிகாலத்து ஐதீகம் என்று அறைப் பையனே சொல்ல ஆரம்பித்தான்.

நாகபூஷணத்துக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. தான் செய்த பாவத்தை ஊரே கூடிப் பிடுங்குகிறதே! ஆனால் அருகம்புல் அப்படிப்பட்ட சாதி இல்லை. மேலே பிடுங்கினால் கீழே இரண்டு கிளை விடும். போதாததற்குப் பவன்குமார், பக்தர்களுக்குப் புல் பற்றாமல் போய்விடக் கூடாதென்று பாதைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சொன்ன கையோடு ரேகாவுக்கும் போன் செய்தார்.

“மேடம், உங்க பாதையில அருகம்புல் அத்புதங்கா வருது! முதலாளி வெள்ளிக்கிழமை பார்க்க வராரு!”

அந்தப் பக்கம் ரேகா என்ன சொன்னாள் என்று தெரியாது. அரை மணி நேரத்தில் கையில் கடப்பாரையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

நாகபூஷணம் அப்போது பாதையின் நடுவில் குத்த வைத்து, மஞ்சள் பை நிறையப் புல்லோடு இருந்தார்.

“நைனா? நீ இங்க இன்னா பண்ணிகினு கீற?”

அவர் மஞ்சள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ரேகா அதற்கு மேல் கேட்கவில்லை. ஜல்லியை ஒதுக்கிக் கடப்பாரையால் நெம்பினாள். கறுப்பாக ஒரு கந்தல் மேலே வந்தது. வேர்கள் அதில் ஊடும் பாவுமாக ஓடியிருந்தன. கரையான் வேறு பந்தி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஓரத்தில் மெல்லிய பச்சைக் கரை. அந்தக் கரையை அவள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“மலைக்குப் போற வேட்டி,” என்றாள் மெதுவாக. “ஹோட்டலுக்கே மாலை போட்டு வுட்டியா நைனா?”

சிரித்துவிட்டாள் என்று நினைத்து அவரும் சிரிக்கப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது.

“நல்ல துணிமா. உனக்கு நல்லது பண்ணணும்னுதான்...”

“துணி நல்லதா கெட்டதான்னு இல்ல நைனா. நான் ஒண்ணு சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்னு உனக்குத் தோணவே இல்ல. நீ நெய்யிற பாவுல நான் வந்து நூல மாத்திப் போட்டா வுடுவியா?” கந்தலைக் கீழே போட்டாள். “எத்தினி நாளா வந்துகினு கீற?”

“மழை பேஞ்ச மறுநாளெல்லாம்.”

“அத்தினி தடவ வந்திருக்க. ஒரு தடவயாவது தலையத் தூக்கி நான் செஞ்ச வேலையப் பாத்தியா?”

நாகபூஷணம் யோசித்துப் பார்த்தார். புல் பார்த்தார், ஜல்லி பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். மகளுடைய தோட்டத்தைப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. வெட்கமாக இருந்தது. பிடித்திருந்த புல்லைக் கீழே போட்டார்.

பவன்குமார் வந்துவிட்டார். இவர்கள் இருவரையும் பார்த்து, “மேடம், இந்தச் சுவாமிதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்,” என்று அறிமுகம் செய்தார்.

“தெரியும் சார். எங்க அப்பா.” ரேகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான் சொன்ன மேட்டு இதுக்கு அடியில இல்ல. பருத்தித் துணி இருக்குது. அதனாலதான் புல் வந்திருக்கு. என் வேலையில நடந்தது, என் தப்பு. மொத்தத்தையும் எடுத்துட்டு என் செலவுல மறுபடியும் போட்டுத் தரேன்.”

பவன்குமாருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. “ஒத்து மேடம், வேணாம்! புல்லு இருந்தாதானே மஞ்சிதி, நல்லது? கெஸ்ட் எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. வுட்ருங்க.”

நாகபூஷணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஆமாம்மா, அவரே வேணாம்ன்றாரே, வுட்டுடு...”

“நீ பேசாத நைனா.”

கத்தவில்லை அவள். ஆனால் நாகபூஷணம் வாயை மூடிக்கொண்டார்.

“சார், நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கு புல் வராத பாதை. இன்னைக்கு அருகம்புல்னு கும்பிடுவீங்க. நாளைக்கு அதுகூட கோரையும் முள்ளும் வரும், வெறுங்கால்ல நடக்கிற பெரியவங்க வழுக்கி விழுவாங்க. அப்போ திட்டறது என்னைத்தான். அருகம்புல் வேணும்னா அந்த வேப்பமரத்தடியில மேடை கட்டி, பிள்ளையாரை வெச்சி, சுத்தி நானே வளர்த்துத் தரேன். எங்க வரணுமோ அங்க வரும்.”

“முதலாளி வெள்ளிக்கிழமை வராரு. அதுக்குள்ள முடியலேன்னா?”

“முடியலேன்னா காளஹஸ்தி எனக்கு வேணாம் சார்.”

பவன்குமார் மூக்கைச் சொறிந்துகொண்டார். “நடந்ததை நான் அவர்கிட்ட மறைக்க மாட்டேன்.”

“மறைக்காதீங்க,” என்றாள் ரேகா.

மறுநாள் கமலம்மாவே வீட் மேட் சுருளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு, புளிசாதமும் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். உதவிக்கு வந்ததாகச் சொன்னாள். ஆனால் நிழலில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால் வேடிக்கை பார்க்க வந்ததாகத்தான் தெரிந்தது. ஜல்லியை வாரிக் கழுவினார்கள். அழுகிய துணியை இழுத்துப் போட்டார்கள். அருகின் வேரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பொறுக்கினார்கள். ஒரு கணு விட்டுப்போனாலும் அது அடுத்த தலைமுறைக்கு வம்சம் வளர்த்துவிடும். கூலி இல்லாத ஆளாக நாகபூஷணம் முழங்கால் போட்டு வேலை செய்தார். அவர் ஆணியைக் கையில் எடுத்தபோதெல்லாம் கன்னியம்மாள் தலையைச் சாய்த்து, “மேடம் சொன்னாங்களா பெரியவரே?” என்றாள்.

“சொன்னாங்க, சொன்னாங்க!”

ரேகா குனிந்து ஒவ்வொரு ஓரத்தையும் பார்த்தாள். “மேட்டு கீழேர்ந்து வர்றத தடுக்கும். மேலேர்ந்து தூசியும் விதையும் வந்து விழும். அதனால வாரத்துக்கு ஒருதரம் ஜல்லியக் கிளறி வுடணும்,” என்று தோட்டக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தாள். நாகபூஷணம் கையில் ஆணியோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் இவள் எப்போது படித்தாள் என்று இருந்தது. படிக்கும்போது அவர்தான் காக்காயையும் குருவியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாரே.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். பட்டு வேட்டி கட்டிய கனமான மனிதர். பாதை முழுக்க நடந்தார், திரும்பி நடந்தார், வேப்பமரத்தடியில் புதிதாக நட்ட அருகைத் தடவிப் பார்த்தார். பவன்குமார் சொன்னபடியே எதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். 

“வேட்டி விஷயம் கேள்விப்பட்டேன்,” என்றார் முதலாளி. “நான் எத்தனையோ காண்ட்ராக்டரைப் பார்த்திருக்கேன். தப்புன்னு தானே வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். காளஹஸ்தி லாட்ஜை மார்கழியில ஆரம்பிங்க. ஒரே ஒரு கண்டிஷன்.”

“சொல்லுங்க சார்.”

“அங்க உங்க அப்பாவைக் கூட்டிட்டு வரக் கூடாது.”

கமலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பவன்குமார் வாயைப் பொத்தவில்லை. கன்னியம்மாள் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்காய் பறந்தது.

நாகபூஷணமும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். எல்லாரும் முதலாளியை வழியனுப்பப் போனதும் அவர் பாதையின் ஆரம்பத்துக்குப் போனார். வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி, வாடிக்கையாளர் மாதிரி நடக்க ஆரம்பித்தார்.

பாதை நேராகப் போகவில்லை. விரித்தபோது துணியை மட்டுமே பார்த்ததிலும், இத்தனை நாள் குத்த வைத்தே நகர்ந்ததிலும் அவருக்கு இது உறைக்காமல் போயிருந்தது. இடது பக்கம் மெல்லத் திரும்பி, நந்தியாவட்டைப் புதரைச் சுற்றி, மறுபடி வலது பக்கம் வளைந்தது. சாப்பாட்டுக் கூடம் கண்ணுக்கே தெரியவில்லை. நேராகப் போட்டிருந்தால் பாதி தூரம் மிச்சம். எதற்கு இப்படிச் சுற்ற விட்டிருக்கிறாள்? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். இரண்டு நாள் மண்டி போட்டதில் முழங்கால் விண் விண் என்று தெறித்தது. இரண்டாவது திருப்பத்தில் இனி ஒரு அடி வைக்க முடியாது என்று தோன்றியபோது, அங்கே வேப்பமர நிழலில் ஒரு கல் பெஞ்சு இருந்தது. மலை ஏறி இறங்கிய கால்கள் வந்து உட்காருகிற உயரத்துக்கு அதைப் போட்டிருந்தாள். அவர் உட்கார்ந்தார். எதிரே பார்த்தால் செடிகளுக்கு மேலே மலை தெரிந்தது.

ரேகா அவரைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“இன்னா நைனா, இங்க உக்காந்துகினு கீற? கோவமா?”

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தார். கத்தாமல் சொன்னார்.

“கால் கரெக்டா இங்க வந்தப்பதாம்மா வலிச்சிது. பெஞ்சும் இங்கதான் கீது.”

ரேகா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.